ஊசி போடும் திங்கட்கிழமை

ஒக்டோபர் 22, புதன்

விடியவே மழை. ஒட்டுசுட்டான் வீதி முழுக்கச் சேறு. மகள் அபியின் வெள்ளைச் சப்பாத்து பள்ளிக்கூட வாசலுக்கு வர முதலே மண்ணிறம். இவர் எங்கள் இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தன் வேலைக்கு, கமநல சேவை நிலையத்துக்கு ஓட்டம். விதைப்பு நேரம். உரம் கேட்டு ஆட்கள் விடியவே கந்தோர் வாசலில் நிற்கிறார்களாம்.

முதல் பாடத்துக்கு முன்னம் ஆசிரியர் கூட்டம். அதிபர் சேர் சுற்றறிக்கை வாசித்தார். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இனி 'உயர் மட்டச் சிந்தனைத் திறன்' கற்பிக்க வேண்டும். மனனம் செய்து ஒப்புவிப்பது போதாது. பிள்ளை ஏன், எப்படி, இல்லாவிட்டால் என்ன என்று தானே யோசிக்க வேண்டும். வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்து இரண்டு வகுப்பு பார்ப்பார். நவம்பர் 3 திங்கள், தரம் 5: நான். அடுத்த நாள், தரம் 4: மேகலா.

உப அதிபருக்கு எப்போதும் பகிடிதான். "இவ்வளவு நீளப் பேர் வாயில வராது சேர். உ.சி.தி. எண்டு வையுங்கோ." ஒரு நிமிடம் போகவில்லை. "அதென்ன உசிதி. ஊசி எண்டே சொல்லுவம்." எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பள்ளிக்கூடம் விடுவதற்குள் எல்லோர் வாயிலும் ஊசிதான்.

கூட்டம் கலைந்த பிறகு அதிபர் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். "ரீச்சர், குறை நினைக்கக் கூடாது. நாலாம் வகுப்புத் தாய் தகப்பன் கொஞ்சப் பேர் வந்து கதைச்சவை. அடுத்த வருசம் மேகலா ரீச்சரும் பிள்ளையளோட சேர்ந்து அஞ்சுக்கு ஏறினா நல்லமாம். ஆலோசகர் வந்து ரெண்டு வகுப்பையும் பாக்கட்டும். பிறகு முடிவெடுப்பம்."

ஓம் சேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். கரும்பலகையில் எழுதும்போது வெண்கட்டி இரண்டு தரம் முறிந்தது.

ஐந்தாம் வகுப்பு என்னுடையது. புலமைப்பரிசில் சோதனை என்றால் வதனி ரீச்சர் என்றுதான் இந்தப் பக்கத்துச் சனம் சொல்லும். சந்தையில் மீன் வாங்கப் போனாலும் "என்ர மகனும் உங்களிட்டப் படிச்சுத்தான் பாஸ் பண்ணினவன் ரீச்சர்" என்று யாராவது சொல்லாமல் விடுவதில்லை. அது கிடக்கட்டும். அபி இப்போது மேகலாவிடம் நாலில். ஜனவரியில் ஐந்துக்கு வருகிறாள். முதலாம் வகுப்பில் அவள் அழுதுகொண்டு இருந்த நாள் தொடங்கி நான் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வருடத்தைத்தான். என் மேசைக்கு முன்னால், முதல் வரிசையில், என் பிள்ளை. அதை ஒரு மேகலா வந்து எடுத்துக்கொண்டு போவதா?

தேங்காய் முடிந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஒக்டோபர் 23, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

மேகலாவைப் பற்றி நியாயமாக எழுதிப் பார்க்கிறேன். வயது முப்பது இருக்காது. கிளிநொச்சியில் வளர்ந்தவள். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து அங்கே காணி திருத்திக் குடியிருந்தவர்கள். இப்போது முள்ளியவளையில் அறை எடுத்துத் தனியே இருக்கிறாள். ஸ்கூட்டி. பருத்திச் சேலை, அதுவும் சரியாக அழுத்தாதது. கரும்பலகையில் எழுத்து கோணல். வகுப்பில் எந்நேரமும் சத்தம். அவள் குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இடைவேளைக்கு மணி அடித்தாலும் பிள்ளைகள் வெளியே ஓடாமல் அவளுடைய மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். என்னுடையதுகள் மணி அடிக்க முதலே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிடும்.

நியாயமாக எழுதியாயிற்று. போதும்.

பின்னேரம் அபி: "சாப்பிட்டீங்களா, அம்மா?"

எங்கள் வீட்டில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சாப்பிட்டீங்களோ என்றுதான் கேட்போம். "அதென்ன 'ளா'?" என்றேன்.

"மிஸ் அப்பிடித்தான் கேக்கிறவா."

நான் ரீச்சர். அவள் மிஸ். யார் பழக்கினது தெரியவில்லை, நாலாம் வகுப்பு முழுக்க அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறது. மிஸ் வாறா, மிஸ் போறா, மிஸ் தலைமயிர் வெட்டிட்டா.

ஒக்டோபர் 25, சனி

வெயில். உடுப்பு தோய்த்தேன். கத்தரிக்காய்ப் பாத்தியில் புல் பிடுங்கினேன்.

கிணற்றடியில் அபி குளிக்க நின்றாள். "அம்மா, கிணத்துத் தண்ணி ஏன் விடிய வெள்ளன சூடா இருக்கு?"

நல்ல கேள்வி என்று எனக்கும் சந்தோசம்தான். வாளியை வைத்துவிட்டு வடிவாக விளங்கப்படுத்தினேன். இரவு காற்றுக் குளிரும், நிலத்துக்குக் கீழே அவ்வளவு குளிராது, ஆகவே எங்களுக்குத் தண்ணீர் சூடு மாதிரித் தெரியும்.

"அது புத்தகத்தில இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் எண்டுதான் கேட்டனான்."

"நான் நினைக்கிறதும் அதுதான் பிள்ளை."

"அப்பிடியெண்டா நீங்கள் நினைக்கேல்ல. வாசிச்சனீங்கள்."

விறாந்தையில் கதிரை போட்டு இருந்த இவர் பெரிதாகச் சிரித்தார். "உம்மட மகள் உம்மையே மடக்கிப்போட்டாள்."

எனக்குக் கோபம் வந்தது கேள்வியால் அல்ல. கேட்கும்போது தலையை ஒரு பக்கம் சரித்து வைத்துக்கொண்டு நின்றாளே, அந்தச் சரிவால். அது என் சரிவு இல்லை. இவருடையதும் இல்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும்.

இவர் பிறகு குசினிக்குள் அடுப்படிக்கு வந்து, "பிள்ளை கெட்டிக்காரியா வந்தா உமக்கென்ன கவலை?" என்றார். கெட்டிக்காரி ஆக்கினது நான் இல்லையே, அதுதான் கவலை என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். இங்கே எழுதுகிறேன்.

ஒக்டோபர் 27, திங்கள்

காலை மூட்டம், பிறகு தூறல்.

எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவே பலகைத் தட்டிதான். என் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, கதிரையைத் தட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். கொப்பி திருத்துகிற சாட்டு.

அந்தப் பக்கம் மேகலா: "ரெண்டு பேருக்கு ஒரு ரொட்டி. பாதி பாதியாப் பிச்சிட்டோம். இப்ப மூணாவது ஆள் வந்துட்டார். என்ன செய்யலாம்?"

சத்தமில்லை. நான் என்றால் இதற்குள் விடையைச் சொல்லி, கரும்பலகையில் எழுதி, கொப்பியில் பார்த்து எழுதச் சொல்லியிருப்பேன். அவள் பேசாமல் நிற்கிறாள். அந்தப் பேசாமை எனக்கே தாங்கவில்லை.

ஒரு பொடியன்: "வந்தவரைப் போகச் சொல்லலாம் மிஸ்."

சிரிப்பு. மேகலா: "சொல்லலாம். அவர் போகமாட்டேங்கிறாரே."

பிறகு ஒரே சண்டை. இன்னொரு ரொட்டி சுடலாம். பிய்த்ததை ஒட்டலாம். வந்தவர் சின்ன ஆள் என்றால் சின்னத் துண்டு போதும். அதற்குள் ஒரு குரல். "மிஸ், ரெண்டு பேரும் தங்கட பாதியை மூண்டாப் பிச்சு, ஒவ்வொரு துண்டு குடுத்தாச் சரி. எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு துண்டு வரும்."

அபி. என்னுடைய அபி. வீட்டில் கணக்கு செய்ய வா என்றால் வயிற்று நோ என்பவள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு வருடக் கடைசியிலும் வராத பின்னக் கணக்கு அது.

"மத்தவங்க என்ன நினைக்கிறீங்க? அபி சொன்னது சரியா?" என்று மேகலா கேட்டாள். சரி என்று சொல்லவே இல்லை! தட்டி இடுக்கால் எட்டிப் பார்த்தேன்: கொண்டுவந்த ரொட்டியைப் பிள்ளைகளைக் கொண்டே பிய்க்கச் செய்து பார்த்தாள். கடைசியில் எல்லோரும் தின்றார்கள். கொப்பியில் ஒரு எழுத்து இல்லை.

நான் சிவப்புப் பேனையால் ஒரே கொப்பியில் இரண்டு தரம் சரி போட்டிருக்கிறேன்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

முடிவெடுத்துவிட்டேன். அவளால் முடியும் என்றால் என்னாலும் முடியும். அவளைவிட ஒழுங்காக முடியும். சத்தம் இல்லாமல், ரொட்டித் தூள் இல்லாமல்.

பாடம்: சுற்றாடல். தலைப்பு: யானை ஊருக்குள் வருவது. எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். போன கிழமையும் ஒன்று வந்து வாழைத்தோட்டத்தை முறித்துப்போட்டுப் போனது, விடியும் வரைக்கும் யானையை விரட்டும் வெடி.

யார் என்ன சொல்ல வேண்டும் என்று இருந்து எழுதினேன்:

நான்: யானை ஏன் ஊருக்குள் வருகிறது?
தர்சிகா: காட்டில் உணவும் நீரும் குறைவதனால், ரீச்சர்.
நான்: வேறு யாராவது?
கஜன் (எழும்பி, விரலை நாடியில் வைத்து, கொஞ்சம் யோசித்து): நான் வேறு விதமாக நினைக்கிறேன், ரீச்சர்.
நான் (ஆச்சரியமாக): அப்படியா! எப்படி?
கஜன்: நாங்கள்தான் யானையின் வழியில் போய்க் குடியிருக்கிறோம், ரீச்சர்.

நன்றாக வந்திருக்கிறது. வாசிக்க எனக்கே புல்லரித்தது. கஜன் மூன்று தமிழ்மொழித்தினப் பேச்சுப் போட்டியில் பேசினவன், குரல் கணீரென்று இருக்கும். பிறிஸ்டல் மட்டை வாங்க வேண்டும், யானைப் படத்துக்கு.

ஒக்டோபர் 30, வியாழன்

நேற்றும் இன்றும் ஒத்திகை. பிள்ளைகளுக்கு நாடகம் மாதிரி ஒரே உற்சாகம். கதிரையில் இருக்கிறதுகளும் கஜனோடு சேர்ந்து வாயசைக்கிறதுகள். கஜனுக்கு யோசிக்கிற மாதிரி நிற்கத்தான் வரவில்லை, எழும்பின உடனே ஒப்புவிக்கிறான். "மனதுக்குள்ள பத்து எண்ணிப்போட்டுச் சொல்லு" என்றேன். இப்போது சரி.

நடுவில் நுஸ்ரா கை உயர்த்தினாள். இடம்பெயர்ந்து திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம் சனத்தில் ஒரு பிள்ளை. தகப்பனுக்குச் சின்னக் கடையும் கொஞ்சம் வயலும். "ரீச்சர், எங்கட வயலுக்கு அங்கால கரண்ட் வேலி போட்டிருக்கு. வேலிக்கு உள்ளுக்கு நிக்கிறது நாங்களோ, ஆனையோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். "அது இப்ப வேண்டாம் நுஸ்ரா. ஊசியண்டைக்கும் கேக்கக் கூடாது. எழுதினதை மட்டும் சொல்லுவம்."

"ஓம் ரீச்சர்" என்று இருந்துவிட்டாள். நல்ல பிள்ளை.

ஒக்டோபர் 31, வெள்ளி

மழை. பிள்ளைகள் வரவு குறைவு. கடைசிப் பாடத்தில் எல்லோரையும் எழுப்பி நிறுத்திச் சொன்னேன்: "திங்கட்கிழமை ஊசி. ஒருத்தரும் வீட்டில நிக்கக் கூடாது. வடிவாக் குளிச்சு, தோய்ச்ச உடுப்புப் போட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு வாங்கோ. பயப்பிட ஒண்டுமில்லை. கெதியா முடிஞ்சிடும்."

மேகலா நடைபாதையில் நின்று, "ஒத்திகை எல்லாம் கேட்டிச்சுங்க ரீச்சர். கஜன் நல்லாப் பேசுறான்" என்றாள். நக்கலா, மெய்யா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீர் என்ன ஆயத்தம்?" என்றேன். "ஒரு கேள்விதாங்க இருக்கு. மிச்சம் பிள்ளைங்க கையில." ஒரு கேள்வி! பாடக்குறிப்புக்கூட எழுதியிருக்கமாட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

நீலச் சேலை அழுத்தி வைத்தேன். யானைப் படம் முடிந்தது, தும்பிக்கை கொஞ்சம் நீளம்.

பின்னேரம் கஜனின் தாய் தொலைபேசியில். "ரீச்சர், கஜனுக்கு ரெண்டு நாளாத் தடிமன், மூக்கு ஒழுகுது. நாளைக்கு விட்டா ஒண்டும் செய்யாதோ?"

"தடிமனுக்கு என்ன, கட்டாயம் விடுங்கோ. அவன் இல்லாட்டிச் சரிவராது."

"பிறகு காய்ச்சல் வருமோ எண்டு பயமாக் கிடக்கு."

"வந்தா வரட்டும், ஒரு நாளைக்குத்தானே" என்றேன். சரி ரீச்சர் என்று இழுத்தா. சனம் தடிமனுக்கே இப்படிப் பயப்பட்டால் பிள்ளை எப்படிப் படிக்கிறது.

அபி என் சேலையைப் பார்த்து, "வடிவா இருக்கு" என்றாள். பிறகு, "மிஸ்ஸிட்டையும் நீலம் இருக்கு." அந்த இரண்டாவது வசனத்தை விட்டிருக்கலாம்.

நவம்பர் 3, திங்கள்

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மணி அடித்து வகுப்புக்குள் போனால் பாதிக் கதிரை காலி. கஜன் இல்லை. தர்சிகா இல்லை. மழையும் இல்லை, பஸ்ஸும் ஓடுகிறது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. ஆலோசகர் வந்துவிட்டா. ஐம்பது வயது மதிக்கக்கூடிய பெண்மணி, கண்ணாடி, அமைதியான முகம். பின்வரிசையில் அவா, அதிபர், மேகலா. மேகலா மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

படத்தைத் தொங்கவிட்டேன். "யானை ஏன் ஊருக்குள் வருகிறது?" என்றேன்.

தர்சிகாவின் கதிரையை எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ரீச்சர் பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். இருந்த அத்தனையும் சேர்ந்து: "காட்டில் உணவும் நீரும் குறைவதனால், ரீச்சர்!"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் பழக்கத்தில் போய்விட்டது. "வேறு யாராவது?"

முழு வகுப்பும் எழும்பியது. முழு வகுப்பும் விரலை நாடியில் வைத்தது. பத்து எண்ணுகிற உதடுகள் எனக்குத் தெரிந்தன. பிறகு ஒரே குரலில், பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்க: "நான் வேறு விதமாக நினைக்கிறேன், ரீச்சர்!"

அதிபர் இருமினார். விறாந்தையில் உப அதிபர் போன வேகத்தைப் பார்த்தால் சிரிக்க இடம் தேடி ஓடினது போலத்தான்.

ஆலோசகர் சிரிக்கவில்லை. முன்னுக்கு வந்து, கையைப் பாதி உயர்த்தி இறக்கின நுஸ்ராவுக்குப் பக்கத்தில் குனிந்தா. "பிள்ளைக்கு ஏதும் கேக்க இருக்கோ?"

"இருக்கு மிஸ். ஆனா ரீச்சர் அதை ஊசியண்டைக்குக் கேக்க வேண்டாம் எண்டவா."

"என்ன ஊசி?"

"இண்டைக்குப் போடுற ஊசி. கஜன் ஆக்கள் அதுக்குப் பயந்துதான் வரேல்ல. எனக்குப் பயமில்லை. நோகாதெண்டு வாப்பா சொன்னவர்." சட்டைக் கையை மடித்துக் காட்டினாள்.

நிலம் பிளந்து என்னை விழுங்கவில்லை. ஆலோசகர் நுஸ்ராவின் கேள்வியைக் கேட்டு வாங்கினா. வேலிக்கு உள்ளுக்கு நாங்களோ, ஆனையோ. பிறகு என் பக்கம் திரும்பினா. "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் ரீச்சர்?"

பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு. நான் ஒன்றும் நினைக்கவில்லை. மெய்யாகவே ஒன்றும் இல்லை. "நல்ல கேள்வி" என்றேன்.

வீட்டில் இவரிடம் சொன்னபோது கதிரையில் புரண்டு புரண்டு சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அபி ஒன்றும் கேட்கவில்லை. தட்டிக்கு அங்கால் இருந்தவள்தானே, எல்லாம் கேட்டிருக்கும்.

மேகலாவும் சிரிக்கவில்லை. வெளியில் வரும்போது என் யானைப் படத்தைச் சுருட்டிக் கையில் தந்தாள். சிரித்திருந்தால் அவளை வெறுக்க எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

மேகலாவின் முறை. நானும் பின்வரிசையில் இருக்க வேண்டுமாம். கடவுளே, இவளுக்கும் இன்றைக்கு ஏதாவது நடக்கட்டும் என்று கும்பிட்டேன். ஒளிக்க ஒன்றுமில்லை, கும்பிட்டேன்தான்.

அவள் சேலை நீலம்.

கரும்பலகையில் ஒரு வரி, கோணலாக: பள்ளிக்கூட மணி தொலைந்துவிட்டது. என்ன நடக்கும்?

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. ஆலோசகர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தா. எனக்குள்ளே மெல்ல மெல்ல ஒரு குளிர்ச்சி. முடிந்தது உன் கதை என்று நினைத்தேன்.

பிறகு ஒரு பிள்ளை, பசி வந்தால் இடைவேளை என்று தெரியும் என்றது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிக்காது என்றது இன்னொன்று. நிழலைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் நிழல் எங்கே? அதிபர் சேரின் வயிற்றைக் கேட்கலாம். அதிபரே சிரித்துவிட்டார்.

அபி எழும்பினாள். "எங்கட அம்மா நிப்பாட்டமாட்டா மிஸ்."

ஒரே சிரிப்பு. என் காது சுட்டது. மேகலா சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்று, "ஏன்?" என்று கேட்டாள்.

அபி உடனே சொல்லவில்லை. மெய்யாக யோசித்தாள். பத்து எண்ணுகிற யோசனை இல்லை. "அவாக்குப் படிப்பிக்க நல்ல விருப்பம். நாங்கள் களைச்சிட்டம் எண்டு மணிதான் அவாக்குச் சொல்லுறது."

ஆலோசகர் திரும்பி என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தா.

அபி சொன்னது சரி. அது வேறு. என்னைப் பற்றி என் பிள்ளை இவ்வளவு யோசித்து வைத்திருக்கிறாள். ஒரே பாயில் படுக்கிறோம், நான் தலை வாரி இழுத்துவிடுகிறேன், ஒரு நாள் என்னிடம் சொன்னதில்லை. சொன்னது மேகலாவிடம். சொல்லும்போது பார்த்ததும் அவளைத்தான், பின்னால் நான் இருப்பது தெரிந்தும். வயிறு பற்றி எரிகிறது. வேறு சொல் இல்லை இதற்கு.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி, போயா லீவு. வானம் வெளித்திருந்தது.

தோட்டத்துக் கத்தரிக்காய் கொஞ்சம் பையில் போட்டுக்கொண்டு அதிபர் வீட்டுக்குப் போனேன். சைக்கிளில். இவரிடம் சொன்னது கோயிலுக்கு என்று.

அதிபரின் மனைவி தேத்தண்ணி தந்தா. அதிபர் சாரத்தோடு முற்றத்தில் இருந்தார். நாட்டு நடப்பு, மழை, நெல்லு. பிறகு நான்தான் தொடங்கினேன்.

"சேர், ரீச்சரா இல்லை, தாயா ஒரு கதை. அபியின்ர கணக்குக் கொப்பியைப் பாத்தன். பின்னம் ஒரு வரி இல்லை. நாலாம் வகுப்பு முடியப்போகுது. அஞ்சில புலமைப்பரிசில். மற்றத் தாய்மாருக்கு இது தெரிஞ்சா என்ன சொல்லுவினம்?"

"ஒரு வரியும் இல்லையோ?"

"ஒரு வரியும் இல்லை சேர்."

பொய் இல்லை. கொப்பியில் இல்லைதான். ரொட்டியில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை.

நாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். "அந்தப் பிள்ளை வடிவாப் படிப்பிக்கிது ரீச்சர். நேற்று எனக்கே ஆசையா இருந்தது. ஆனா அஞ்சாம் ஆண்டு எண்டா சனம் பெறுபேறுதானே கேக்கும்."

"ஓம் சேர்" என்றேன்.

திரும்பி வரும்போது கோயிலடியில் இறங்கினேன். அதனால் அதுவும் பொய் இல்லை. கும்பிட ஒன்றும் வரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

தரம் 5, அடுத்த வருடமும் நான். கூட்டத்தில் அதிபர் சொன்னார். மேகலா தரம் 4 இலேயே இருப்பாள். ஆலோசகரின் அறிக்கையில் அவளுடைய வகுப்புக்கு நல்ல வார்த்தையாம். வலயத்து ஆசிரியர்களுக்கு முன்னால் மாதிரி வகுப்பு செய்து காட்டப்போவதும் அவள்தானாம். எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்குத்தான் தட்டினார்கள், எனக்கு இல்லை. ஐந்தாம் வகுப்பைப் பிடித்துவிட்டேன், இன்னும் எரிகிறது. என்ன மனுசி நான்.

உப அதிபர்: "ரீச்சர், அடுத்த ஊசி எப்ப?" சிரித்து வைத்தேன்.

வழியில் பேக்கரியில் மீன் பணிஸ் வாங்கினேன், மூன்று பேருக்கும். அபியிடம் இன்னும் சொல்லவில்லை. வடிவாகச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

இருட்டிக்கொண்டு வந்தும் மழை கொட்டவில்லை. தலையிடி.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு மேகலா என் வகுப்புக்கு வந்தாள். "சந்தோசங்க ரீச்சர். பிள்ளைங்க உங்ககிட்ட வர்றது நல்லதுதான்."

நன்றி என்றேன்.

"பின்னம் கொப்பியில இல்லைன்னு சேர் சொன்னாரு. சரிதாங்க. எழுத வச்சிருக்கணும். தப்பு என்னோடதுதான்." தரையைப் பார்த்துச் சொன்னாள். யார் சொல்லி அதிபருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

போகப் போனவள் கதவடியில் நின்றாள். "அபிகிட்ட ஒண்ணு கேட்டா உடனே பதில் சொல்ல மாட்டா. கொஞ்சம் பொறுத்து நில்லுங்க ரீச்சர். சொல்லுவா."

என் பிள்ளையைப் பற்றி எனக்கு. பெற்றவளுக்கு. அவள் போன பிறகும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்கூட்டிச் சத்தம் வீதியில் தேயும் வரைக்கும்.

பின்னேரம். இவர் இன்னும் வரவில்லை. குசினி வாசலில் அபிக்குத் தலை இழுத்துக்கொண்டு சொன்னேன். "அடுத்த வருசம் நீ என்ர வகுப்பு. முதல் வரிசையில இருக்கலாம்."

தலை அசையவில்லை. சீப்பை நிறுத்தினேன். உடனே கேட்க வாய் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து நின்றேன், மேகலா சொன்ன மாதிரியே. அதுவும் அவளுடைய சொல் கேட்டு.

பின்னல் ஒன்று முடிந்தது. மற்றதைத் தொடங்கினேன்.

"என்ன பிள்ளை, சந்தோசம்தானே?"

அபி திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, பகிடி இல்லை. மெய்யாகவே கேட்டாள்.

"என்னெண்டு சொல்ல வேணும் அம்மா?"

"நீ நினைக்கிறதைச் சொல்லு."

"இல்லை, நீங்கள் எழுதித் தாங்கோ. நான் பாடமாக்கிறன்."